இம்பரேட்டர் ரோம்: 600 மணி நேரத்துக்குப் பிறகு

"இன்னுமா அந்த ரோம் முடியல?" என்று வீட்டில் கேட்கிறார்கள். ரோமை நான் முதல் ஆட்டத்திலேயே, ஆட்டக் கணக்கில் 30 வருஷத்துக்குள் பிடித்துவிட்டேன். பிடித்ததை என்ன செய்வது என்பதில்தான் அதற்குப் பிறகான மணி நேரம் எல்லாம் போயிருக்கிறது. கேம் விற்கும் ஸ்டீம் தளத்தின் கணக்கில் இப்போது 600 மணி நேரத்தைத் தாண்டி நிற்கிறது.

இம்பரேட்டர் ரோம் 2019 ஏப்ரலில் வந்த கம்ப்யூட்டர் கேம், பழங்கால நாடு ஒன்றை வரைபடத்தில் நடத்தும் வியூக ஆட்டம். ஆட்டம் தொடங்குவது கி.மு. 304இல். ரோம் நகரம் தோன்றியதிலிருந்து எண்ணும் பழைய கணக்கில் அது 450ஆம் ஆண்டு. முடிவது 727இல், அதாவது கி.மு. 27இல், ரோமின் முதல் பேரரசருக்கு ஆகஸ்டஸ் என்ற பட்டம் கிடைத்த ஆண்டில். ரோமின் எதிரியான வட ஆப்பிரிக்க நகரம் கார்த்தேஜாக நீங்கள் விளையாடினாலும் நாட்காட்டி எதிரி ஊரின் பிறந்த நாளிலிருந்துதான் எண்ணும். முதலில் எரிச்சலாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

தொடக்க ஆண்டை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். அலெக்சாண்டர் இறந்து 19 வருஷம். அவருடைய தளபதிகள் இன்னும் பங்கு பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒற்றைக் கண் ஆண்டிகோனஸுக்கு வயது 80ஐ நெருங்குகிறது, ஆனாலும் ஆசை விடவில்லை. அவர் மகன் டெமெட்ரியஸ் ஒரு வருஷம் ரோட்ஸ் தீவை முற்றுகையிட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். ரோம் அப்போதுதான் இத்தாலியின் மலைநாட்டு இனமான சாம்னைட்டுகளுடனான இரண்டாவது போரை முடித்து மூச்சு வாங்குகிறது. பிற்காலத்தில் ரோமையே கலங்கடிக்கப்போகும் பைரஸ் கிரேக்கத்தின் வடமேற்கே எபிரஸில் 15 வயதுப் பையன். இதில் யார் கை ஓங்கும் என்பது இன்னும் முடிவாகவில்லை. நிஜத்தில் கி.மு. 301இல் இப்சஸ் போர்க்களத்தில் ஆண்டிகோனஸ் கதை முடிந்தது. என் ஆட்டங்கள் இரண்டில் அவர் படுக்கையில் நிம்மதியாகக் கண்ணை மூடினார். இன்னொரு தளபதியான செலூகஸ் பாபிலோனைத் தாண்டவே முடியாமல் திணறினார்.

நான் இதை வாங்கியபோது கேம் கிட்டத்தட்ட அநாதை. வெளிவந்தபோது நாலு வகை 'அதிகாரப் புள்ளிகள்' வைத்திருந்தார்கள். பட்டனை அழுத்தினால் புள்ளி குறையும், காரியம் உடனே நடக்கும். ஒரு சாம்ராஜ்யத்தையே டோக்கன் போட்டு நடத்துவது போல இருந்ததால் விமர்சனம் கொட்டியது. சிசரோ என்று பெயரிட்ட பேட்ச், அதாவது இலவசப் புதுப்பிப்பு, அந்தப் புள்ளிகளைத் தூக்கியது. 2021 பிப்ரவரியில் வந்த மாரியஸ் பேட்ச், அதாவது 2.0, படை திரட்டும் முறையையே புதிதாக எழுதியது. கேம் ஒருவழியாக நிமிர்ந்து உட்கார்ந்த நேரம் அது. இரண்டே மாதத்தில் மேம்பாட்டை நிறுத்துகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். அந்த வருஷக் கடைசியில் தள்ளுபடியில் வாங்கினேன். பெரிதாக இனி எதுவும் வராது என்று தெரிந்து வாங்குவதில் ஒரு நிம்மதி உண்டு. அடுத்த டிஎல்சிக்கு, அதாவது தனியாக விற்கும் கூடுதல் பகுதிக்கு, காசு எடுத்து வைக்க வேண்டியதில்லை.

சரி, கார்த்தேஜ் கதைக்கு வருகிறேன். பணம் இருக்கிறது, கப்பல் இருக்கிறது, கூலிப்படை கிடைக்கிறது. ரோம் இன்னும் இத்தாலிக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. சிசிலியைச் சுத்தம் செய்துவிட்டு, ரோம் வடக்கே எட்ருஸ்கர்களோடு மல்லுக்கட்டும் நேரம் பார்த்துப் பின்னால் இறங்கினேன். 479ஆம் ஆண்டில் ரோம் என் கையில். பிற்காலக் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலால் முடியாததை அவர் பிறப்பதற்கு முன்பே முடித்துவிட்டேன் என்று அன்று இரவு நல்ல தூக்கம்.

அடுத்த நாள் திறந்தால் வரைபடம் பூராவும் சிவப்பு அடையாளங்கள். இந்தக் கேமில் நிலத்தைவிட மக்கள்தான் முக்கியம். ஒவ்வொரு ஊரிலும் பிரபுக்கள், குடிமக்கள், சுதந்திரர்கள், பழங்குடியினர், அடிமைகள் என்று மக்கள் கூட்டங்கள் இருக்கும். விளையாடுபவர்கள் சுருக்கமாகப் 'பாப்' என்பார்கள். ஒவ்வொரு பாப்புக்கும் ஓர் இனம், ஒரு மதம், ஒரு மகிழ்ச்சி அளவு. நான் பிடித்த இத்தாலியில் ரோமர், எட்ருஸ்கர், சாம்னைட் என்று எல்லாரும் இருந்தார்கள், பியூனிக், அதாவது கார்த்தேஜ் இனத்து, ஆள் ஒருவர்கூட இல்லை. மகிழ்ச்சி இல்லாத பாப் வரியும் ஒழுங்காகத் தராது, படைக்கும் வராது. மாகாணத்தின் விசுவாசம் மாதாமாதம் கரையும். கடைசியில் கலகம். 20 வருஷத்தில் ரோம் நகரைச் சுற்றியுள்ள லாட்டியத்தை மூன்று முறை மறுபடி பிடித்தேன்.

இங்கேதான் கேம் என்னைக் கட்டிப்போட்டது. செய்யக்கூடியது இரண்டு. தியேட்டர் கட்டி, ஆளுநரிடம் பண்பாட்டு மாற்றக் கொள்கையைக் கொடுத்து, அவர்களை மெதுவாகப் பியூனிக் ஆக்கலாம். அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். இல்லையென்றால் அந்த இனத்துக்கே குடியுரிமை கொடுத்து நமக்குள் சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்தவுடன் அவர்கள் மகிழ்ச்சி ஏறும், அவர்களிலிருந்து லெவி படை, அதாவது போர் வந்தால் மக்களிலிருந்து திரட்டும் படை, கிளம்பும். ஆனால் ஏற்கெனவே உரிமை வைத்திருப்பவர்களின் மகிழ்ச்சி இறங்கும். நமக்கு மட்டும் இருந்ததை ஏன் அடுத்தவனுக்குக் கொடுத்தாய் என்ற கோபம். எட்ருஸ்கர்களுக்கு உரிமை கொடுத்த அன்று இத்தாலி அடங்கியது, என் சொந்த ஊரான கார்த்தேஜ் முறைத்தது.

நிஜ வரலாற்றில் ரோம் ஜெயித்ததும் கிட்டத்தட்ட தோற்றதும் இந்த இடத்தில்தான். கி.மு. 225இல் ரோமும் அதன் இத்தாலியக் கூட்டாளிகளும் களமிறக்கக்கூடிய ஆட்களைப் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் கணக்குப் போட்டிருக்கிறார். காலாட்படை 7 லட்சத்துக்கு மேல், குதிரைப்படை 70,000 அளவில். ஹன்னிபால் எத்தனை போரில் ஜெயித்தும் ரோம் புதிய படையைக் கொண்டுவந்து நிறுத்தியதற்கு இந்தக் கையிருப்புதான் காரணம். அதே கூட்டாளிகள் குடியுரிமை கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல் கி.மு. 91இல் ஆயுதம் எடுத்தார்கள். மறு ஆண்டே சட்டம் போட்டு உரிமையைக் கொடுக்க வேண்டியிருந்தது. இதைப் புத்தகத்தில் படித்தபோது தலையாட்டிவிட்டுப் போனேன். என் கஜானாவில் காசில்லாமல், லாட்டியத்தில் நாலாவது கலகம் வெடிக்கும்போது, அந்த செனட் ஏன் அத்தனை வருஷம் இழுத்தடித்தது என்று புரிந்தது. சொந்த ஜனத்தைச் சமாளிப்பதுதான் அவர்களுக்கும் பாடாக இருந்திருக்கும்.

அடிமைகள் விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஒரு நகரை முற்றுகையிட்டுப் பிடித்தால் அங்கிருக்கும் பாப்களில் ஒரு பகுதி அடிமைகளாகி உங்கள் தலைநகருக்கும் மாகாணத் தலைநகர்களுக்கும் போய்ச் சேரும். சின்ன அறிவிப்பு வரும், எண் கூடும், வரி ஏறும். முதல் 100 மணி நேரம் அந்த எண் ஏறினால் எனக்குச் சந்தோஷம். கி.மு. 167இல் எபிரஸ் பகுதியில் 70 ஊர்களைச் சூறையாடி ஒன்றரை லட்சம் பேரை ரோமானியர் அடிமைகளாக்கியதாகப் பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகு அந்த அறிவிப்பைப் பழைய மாதிரி மூட முடியவில்லை. கேம் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாது. பேச வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

அந்த அடிமைகளால் இன்னொரு வினையும் வந்தது. கார்த்தேஜ் நகரம் கண்டபடி வீங்கிவிட்டது. ஒவ்வொரு மாகாணத்துக்கும் உணவுக் கையிருப்பு உண்டு. என் தலைநகர் உயிரோடிருந்தது சிசிலியிலிருந்து வரும் தானியத்தால். கிரேக்கக் கூட்டணி ஒன்று சிசிலியில் இறங்கியது. பத்து வருஷக் கையிருப்பு இருக்கிறதே என்று நான் ஸ்பெயினில் வேறு சண்டையில் இருந்தேன். கையிருப்பைப் பார்க்கவே மறந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது தலைநகரில் பஞ்சம், பாப்கள் செத்துக்கொண்டிருந்தன. முழுக்க முழுக்க என் தப்பு. அன்றிலிருந்து எந்த ஆட்டத்திலும் முதலில் பார்ப்பது உணவுப் பட்டையைத்தான், படையெல்லாம் பிறகு.

கூலிப்படையிலும் ஒரு முறை சூடு பட்டேன். போர் முடிந்த பிறகும் மூன்று கூலிப்படைகளைக் கலைக்க மறந்து, சம்பளம் கொடுத்துக் கடனில் விழுந்தேன். நிஜக் கார்த்தேஜ் இதைவிட மோசமாக விழுந்தது. கி.மு. 241இல் ரோமிடம் தோற்றுத் திரும்பிய கூலிப்படைக்குச் சம்பளப் பாக்கி. பேரம் பேசிக் குறைக்கப் பார்த்தார்கள். அந்தப் படையே திரும்பி நகரத்தை முற்றுகையிட்டு, மூன்று வருஷத்துக்கு மேல் போர் நடந்தது. அந்தக் குழப்பத்தில் சார்டினியாவை ரோம் போர் மிரட்டல் விட்டு எடுத்துக்கொண்டது.

தளபதிகளையும் நம்ப முடியாது. ஒரே ஆள் தொடர்ந்து ஜெயித்தால் அவர் கீழிருக்கும் படைப்பிரிவுகள் நாட்டுக்கு விசுவாசமாக இருப்பதை விட்டுவிட்டு அவருக்கு விசுவாசமாகும். அவர் மனம் திரிந்துவிட்டால் பதவியிலிருந்து இறக்கவும் முடியாது, சொன்ன இடத்துக்குப் படையை நகர்த்தவும் முடியாது. லஞ்சம் கொடுக்கலாம், அதனால் ஊழல் ஏறும். சொத்து எழுதி வைக்கலாம், அதனால் அவர் பலம் ஏறும். விசுவாசமில்லாத ஆட்களின் பலம் ஓர் அளவைத் தாண்டினால் உள்நாட்டுப் போர். என் திறமையான தளபதியை இப்போதெல்லாம் இரண்டு போர் முடிந்ததும் ஏதோ ஒரு மூலைக்கு ஆளுநராக அனுப்பிவிடுகிறேன். அலுவலகத்தில் இதே மாதிரி 'பதவி உயர்வு' வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், அப்போது புரியாத சூட்சுமம் இப்போது புரிகிறது.

குறைகள் நிறைய. என் பெரிய வருத்தம் கடல். மத்தியதரைக் கடலை நடுவில் வைத்த கேமில் கப்பல் சண்டை வெறும் எண்கள் மோதி ஒரு பக்கம் குறைவதுதான். கார்த்தேஜின் வட்டத் துறைமுகத்தில் 220 கப்பல்களுக்குக் கொட்டகை இருந்ததாகப் பழைய வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதியிருக்கிறார். சிசிலியில் மர்சாலா அருகே கடலடியில் கிடைத்த பியூனிக் கப்பலின் மரங்களில், எந்தத் துண்டை எங்கே பொருத்த வேண்டும் என்று எழுத்தால் குறி போட்டிருந்தார்கள். அவ்வளவு வேகமாகக் கப்பல் கட்டித் தள்ளிய நகரத்தை விளையாடும்போது, கப்பல் கட்டுவது ஒரு பட்டனும் காத்திருப்பும் மட்டும்தான்.

நிலப் போரும் பாதி ஆட்டத்துக்கு மேல் சலிப்பு. கோட்டை கோட்டையாக உட்கார்ந்து, ஊர் ஊராகப் பிடித்து, சமாதானத்தில் நாலு மாகாணம் வாங்கி, ஐந்து வருஷம் கழித்து அதே எதிரியோடு மறுபடி அதே வேலை. படைகளைத் தானாக இயங்க விடும் வசதி உண்டு. சின்னப் போர்களுக்கு அதை நம்பலாம், பெரிய போரில் நம்பாதீர்கள். 600ஆம் ஆண்டுக்கு மேல் என் ஐந்து வருஷ லேப்டாப்பில் உச்ச வேகம் என்று வைத்தாலும் நாட்கள் நடந்துதான் போகும். விசிறிச் சத்தத்தில் பக்கத்து அறையில் தூங்க முடியவில்லை என்று புகார் வேறு.

வரைபடம் கிழக்கே இந்தியா வரை நீளும். மௌரியர் இருக்கிறார்கள், தெற்கே பாண்டியர், சோழரும் உண்டு. ஆர்வத்தில் ஒரு வாரம் பாண்டியராக விளையாடினேன். மத்தியதரைக் கடல் பக்கம் காட்டிய அக்கறையில் கால்வாசிகூட இந்தப் பக்கம் இல்லை. பேரைப் பார்த்து மயங்கி வாங்க வேண்டாம்.

வாங்குவதானால் தள்ளுபடிக்குக் காத்திருங்கள். டிஎல்சிகளில் அலெக்சாண்டரின் வாரிசுகள் பற்றியது மட்டும் எனக்கு உபயோகமாக இருந்தது, அதிசயக் கட்டடங்களை நாமே வடிவமைக்கலாம். முதல் ஆட்டத்தை ரோமாக விளையாடிக் கற்றுக்கொள்ளுங்கள். ரோம் மன்னிக்கும், கார்த்தேஜ் மன்னிக்காது. கேமே சொல்லித்தரும் பாடம் போதாது, முதல் 20 மணி நேரம் எது எதற்கு என்றே தெரியாது. இரண்டாவது ஆட்டத்திலிருந்து இன்விக்டஸ் என்ற மாடை, அதாவது கேமை மாற்றும் கூடுதல் கோப்பை, போட்டுக்கொள்ளுங்கள். ரசிகர்களே சேர்ந்து செய்தது, இலவசம். கண்டுகொள்ளாமல் விடப்பட்ட சின்ன நாடுகளுக்கும் அவர்கள் தனித்தனி இலக்குகள் எழுதியிருக்கிறார்கள். இன்று இந்தக் கேம் உயிரோடிருப்பதற்கு அவர்கள்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஒன்று மட்டும், மாட் புதுப்பிக்கப்படும்போது பழைய சேவ் உடையலாம். நீண்ட ஆட்டத்தின் நடுவில் இருந்தால் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

அந்தக் கார்த்தேஜ் ஆட்டத்தை இன்னும் அழிக்கவில்லை. 608ஆம் ஆண்டு, அதாவது நிஜத்தில் ரோமானியர் கார்த்தேஜை எரித்துத் தரைமட்டமாக்கிய கி.மு. 146 வந்தபோது, ஆட்டத்தை நிறுத்தி நகரத்தின் மேல் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துறைமுகம் இருந்தது. மக்களில் மூன்றில் ஒருவர் இத்தாலிய இனத்தவர். லாட்டியத்தில் விசுவாசம் 41, இறங்குமுகம்.

இப்போது இன்விக்டஸில் ரோட்ஸ் தீவாக விளையாடுகிறேன். டெமெட்ரியஸ் விட்டுவிட்டுப் போன முற்றுகைத் தளவாடங்களை விற்ற காசில்தான் அந்த ஊர்க்காரர்கள் சூரியக் கடவுளுக்கு அவ்வளவு பெரிய வெண்கலச் சிலை எழுப்பினார்கள் என்பார்கள். என் ரோட்ஸில் ஆண்டு 461 ஆகிறது, கஜானாவில் சிலையின் கட்டைவிரலுக்குக்கூடக் காசு சேரவில்லை.