ஏஞ்சல் ட்ரம்பெட் என்று சொல்லி ஊமத்தையை விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்

மாடித்தோட்டம், வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அப்புறம் செடி வாங்குங்கள். ஆன்லைனில் செடி விற்கும் ஒருவரிடம் ரோஸ் கலர் ஏஞ்சல் ட்ரம்பெட் என்று இரண்டு செடி வாங்கினேன். ஒரு செடி 450 ரூபாய், கூரியர் தனி. வந்தது இரண்டுமே ஊமத்தை. ரோட்டோரத்திலும் குப்பைமேட்டிலும் யாரும் தண்ணீர் ஊற்றாமல் வளருமே, அதே ஊமத்தை. பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். கடைசியில் அந்த ஆள் சொன்ன ஒரு பதில்தான் இதை எழுத வைத்தது.

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் போனவர்கள் நிஜ ஏஞ்சல் ட்ரம்பெட் செடியைப் பார்த்திருப்பீர்கள். ஓடை ஓரத்திலும் வீட்டு வேலியிலும் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, ஒரு அடி நீளத்துக்கு வெள்ளையாகவோ வெளிர் ரோஸாகவோ எக்காளம் மாதிரி பூக்கள் கீழே பார்த்துத் தொங்கும். பகலில் அவ்வளவாக வாசனை தெரியாது, பொழுது சாய்ந்ததும் தெருவே மணக்கும். பூர்வீகம் தென் அமெரிக்கா. கோத்தகிரியில் எங்கள் அண்ணி வீட்டில் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் கோயம்புத்தூரில் எங்கள் வீட்டிலும் ஒன்று வைக்க ஆசைப்பட்டேன்.

ஏஞ்சல் ட்ரம்பெட், ஊமத்தை இரண்டும் கத்தரி, தக்காளி குடும்பம்தான். இலை ஒரே சாயல், அதனால் ஒரு சாண் கன்றாக இருக்கும்போது அனுபவசாலிகளே தடுமாறுவார்கள். ஏமாற்றுகிறவர்களுக்கு இது ரொம்ப வசதி. பூக்கும் வரை நமக்குத் தெரியாது, பூக்கும்போது "ரிட்டர்ன் டைம் முடிஞ்சிடுச்சு" என்று சொல்லிவிடலாம். முதல் மொட்டு நிமிர்ந்து நின்றபோதே போட்டோ எடுத்து அனுப்பிக் கேட்டேன். "வெயிட் ஏறினா தானா தொங்கும் மேடம், பொறுங்க" என்றார். மொட்டு விரிந்தது. வெளியே கருஊதா, உள்ளே வெள்ளை, இரண்டு அடுக்கு, நேராக வானத்தைப் பார்த்தபடி. பிறகு காயும் வந்தது, உருண்டையாக, மேலெல்லாம் முள்ளு முள்ளாக. ஏஞ்சல் ட்ரம்பெட்டின் காய் நீளமாக, வழவழவென்று இருக்கும், முள்ளே கிடையாது. இதற்கு மேல் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

ஊமத்தை மேல் எனக்கு எந்த வெறுப்பும் இல்லை, சிவனுக்குச் சாத்தும் பூ அது. ஆனால் அதை 450 ரூபாய்க்கு வேறு பெயரில் விற்பது மோசடி.

காய் போட்டோவையும் அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு வந்த பதில் இது: "ஊமத்தையா இருந்தாலும் மூலிகைதானே, வீட்ல யாருக்காவது வீசிங் இருந்தா இலையைக் காயவெச்சுப் புகை பிடிக்கச் சொல்லுங்க." எங்கள் அம்மாவுக்கு வீசிங் உண்டு. யாராவது இதை நம்பிச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஊமத்தையிலும் சரி, ஏஞ்சல் ட்ரம்பெட்டிலும் சரி, இலை, பூ, விதை, வேர் எல்லாவற்றிலும் அட்ரோபின், ஸ்கோபோலமைன் போன்ற விஷச் சத்துகள் இருக்கின்றன. எந்தச் செடியில் எவ்வளவு இருக்கும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே போனால் வாய் வறண்டு, உடம்பு சூடாகி, கண்பாவை விரிந்து, நெஞ்சு படபடத்து, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து ஆள் பிதற்ற ஆரம்பித்துவிடுவார். உயிரும் போகலாம். யாராவது தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், செடியின் ஒரு கிளையையும் ஆஸ்பத்திரிக்குக் கையோடு கொண்டு போங்கள்.

தின்னக்கூட வேண்டாம். ஏஞ்சல் ட்ரம்பெட்டைக் கவாத்து செய்த கையோடு அண்ணி கண்ணைக் கசக்கிவிட்டார், ஒரு கண்ணின் பாவை மட்டும் பெரிதாகி, வெளிச்சத்தைப் பார்க்கவே முடியவில்லை, பக்கத்தில் இருப்பது மங்கல். ஒரு பாவை மட்டும் விரிந்திருந்தால் டாக்டர்கள் மூளையில் ஏதாவது பிரச்சினையோ என்றுதான் முதலில் யோசிப்பார்கள். செடி வெட்டிய விஷயத்தைச் சொன்ன பிறகுதான் டாக்டருக்குக் காரணம் புரிந்தது. நல்லவேளை, தானாகச் சரியாகிவிட்டது. இவ்வளவு விஷமுள்ள செடியை அந்த விற்பனையாளர் "குழந்தைகள் ரூம் ஜன்னலோரம் வைக்க ஏற்றது" என்று விளம்பரம் செய்திருந்தார். ஒரு வரி எச்சரிக்கை இல்லை.

விதையாக விற்பவர்களிடம் இன்னும் உஷாராக இருங்கள். ஊமத்தை விதை சின்னதாக, தட்டையாக, காது மடல் மாதிரி இருக்கும். ஏஞ்சல் ட்ரம்பெட் விதை அதைவிடப் பெரிது, தக்கை மாதிரி சொரசொரப்பான தோல் மூடியிருக்கும். நீல நிறம், வானவில் நிறம் என்று பாக்கெட் போட்டு விற்கிறார்களே, அப்படி ஒரு ஏஞ்சல் ட்ரம்பெட்டே கிடையாது. வெள்ளை, மஞ்சள், ரோஸ், ஆரஞ்சு வகையறா, மலைக்குளிரில் மட்டும் ஒழுங்காகப் பூக்கும் சிவப்பு ஒன்று, அவ்வளவுதான். மற்றதெல்லாம் கம்ப்யூட்டரில் கலர் மாற்றிய படம்.

உண்மையில் விதையே தேவையில்லை. பூக்கும் செடியிலிருந்து விரல் தடிமனில் முற்றிய குச்சி ஒன்றை வெட்டி நட்டால் சுலபமாக வேர் பிடிக்கும். தண்டு முதலில் இரண்டாகப் பிரியும் இடத்துக்கு மேலே இருந்து வெட்டிய குச்சி என்றால் சீக்கிரம் பூக்கும். காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றால் தாய்ச்செடி பூத்து நிற்கும் வீடியோவை அன்றைக்கே எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். "எந்த வெயிலும் தாங்கும்" என்பதையும் நம்பாதீர்கள். சமவெளியில் காலை வெயில் மட்டும் படும் இடம், பெரிய தொட்டி, நிறைய தொழுவுரம் வேண்டும், கோடையில் இரண்டு வேளை தண்ணீர். மதியம் இலை தொங்கி மாலையில் நிமிர்ந்தால் கவலை இல்லை. இலைக்கு அடியில் செஞ்சிலந்தி என்ற பொடிப் பூச்சி வரும், அடிக்கடி திருப்பிப் பாருங்கள்.

அந்த இரண்டு ஊமத்தையையும் காய் வெடிப்பதற்குள் கையுறை போட்டுப் பிடுங்கிவிட்டேன். எரிக்கவில்லை, உரக்குழியிலும் போடவில்லை. பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், அவர் அனுப்பிய பதில்கள், பூ, காய் போட்டோ எல்லாவற்றையும் வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் சாட் மெசேஜ்களை அழிக்காமல் வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள், 450 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். அவர் என்னை பிளாக் செய்துவிட்டு இப்போது வேறு பெயரில் அதே படத்தைப் போட்டு விற்கிறார். இந்த முறை விலை 600 ரூபாய்.