ரூபென் டிப்: வருடக்கணக்கில் செய்து பார்த்ததில் தேறியவை

விருந்துக்குச் சூடான சீஸ் டிப் என்றால் நான் வருடக்கணக்காகச் செய்துவருவது ரூபென் டிப்தான். ரூபென் சாண்ட்விச்சில் இருக்கும் அதே சரக்கு: கார்ன்டு பீஃப் (உப்புநீரில் ஊறவைத்த மாட்டிறைச்சி), ஸ்விஸ் சீஸ், சாவர்க்ராட் (புளித்த முட்டைக்கோஸ்), தவுசண்ட் ஐலண்ட் டிரெஸ்ஸிங் (மயோனைஸ் கலந்த இளஞ்சிவப்புச் சாஸ்). ரை என்ற தானியத்தில் செய்த ரொட்டி மட்டும் வெளியே வந்து தொட்டுச் சாப்பிடும் வேலையை எடுத்துக்கொள்கிறது. இந்த சாண்ட்விச் யாருடையது என்ற தகராறு அமெரிக்காவில் இன்னும் ஓயவில்லை. ஒமாஹா நகரின் பிளாக்ஸ்டோன் ஹோட்டலில் சீட்டாட வந்த ரூபென் குலகோஃப்ஸ்கியால் வந்தது என்பது ஒரு கட்சி. நியூயார்க்கில் ஆர்னால்டு ரூபென் நடத்திய உணவகத்தில் பிறந்தது என்பது எதிர்க்கட்சி. 1956-ல் ஒமாஹாவின் ஃபெர்ன் ஸ்னைடர் இதை வைத்துத் தேசிய சாண்ட்விச் போட்டியில் வென்றார் என்பதில் மட்டும் சண்டை இல்லை. டிப்புக்கு யாரும் உரிமை கொண்டாடுவதில்லை, அதனால் நம் இஷ்டத்துக்கு மாற்றலாம்.

எட்டுப் பேருக்கு என் அளவு: க்ரீம் சீஸ் 225 கிராம், பொடியாக நறுக்கிய கார்ன்டு பீஃப் 200 கிராம், துருவிய ஸ்விஸ் 200 கிராம், பிழிந்த சாவர்க்ராட் ஒரு கப், டிரெஸ்ஸிங் அரை கப்புக்குச் சற்றுக் குறைவு. கொஞ்சம் சீஸை மேலே தூவ ஒதுக்கிவிட்டு மற்றதையெல்லாம் கலந்து, 180 டிகிரி செல்சியஸில் 20 முதல் 25 நிமிடம். உப்பு தொடவே வேண்டாம். இறைச்சியும் முட்டைக்கோஸும் உப்பில் ஊறித்தான் வருகின்றன.

இந்த டிப் தேறுவதும் தேறாததும் தண்ணீரைப் பொறுத்தது. சாவர்க்ராட் என்பது உப்பிட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ். எடையில் சுமார் 2 சதவீதம் உப்பு போட்டுப் பிசைந்தால் முட்டைக்கோஸின் சொந்த நீரே வெளியே வரும், அதிலேயே ஊறிப் புளிக்கும். அந்த நீர் ஓவனுக்குள் போனால் பாத்திரத்தின் ஓரமெல்லாம் வெளிறிய சாறு தேங்கி நிற்கும். வடிகட்டியில் கொட்டி வைத்தால் மட்டும் போதாது. மெல்லிய துணியில் மூட்டையாகக் கட்டி, சொட்டுவது நிற்கும்வரை முறுக்குகிறேன். அவிழ்க்கும்போது இழைகள் ஒட்டிக்கொண்டு ஒரே உருண்டையாக நிற்கும். அதை விரலால் உதிர்த்துவிட்டு, கத்தியால் குறுக்கே நாலு வெட்டு. வெட்டாவிட்டால் ரொட்டித் துண்டோடு நீளமாகத் தொங்கி வந்து சட்டையில்தான் விழும். பிழிந்த சாற்றைக் கொட்டுவதில்லை. ருசி பார்த்து, புளிப்பு குறைவாக இருந்தால் மட்டும் ஒரு ஸ்பூன் திரும்பப் போகும்.

டின்னில் வரும் சாவர்க்ராட் ஏற்கெனவே சூடுபட்டது என்பதால் கொஞ்சம் குழைந்திருக்கும். குளிர்பெட்டியில் வைத்து விற்பது நறுக்கென்று கடிபடும், என் ஓட்டு அதற்குத்தான். அதிலுள்ள நல்ல பாக்டீரியாவுக்காக வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள், ஓவன் சூட்டில் எதுவும் பிழைக்காது.

அடுத்தது சீஸ். புரத வலைக்குள் சிக்கியிருக்கும் கொழுப்பும் நீரும்தான் சீஸ். சூடு மிஞ்சினால் வலை இறுகி, கொழுப்பை வெளியே தள்ளிவிடும். மேலே எண்ணெய் மிதப்பதும், சீஸ் ரப்பர் மாதிரி இழுபடுவதும் அதனால்தான். க்ரீம் சீஸ் கூட இருப்பதால் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது, ஆனாலும் நேரம் தாண்டினால் பிரிந்துவிடும். பல மாதம் பழுத்த விலையுயர்ந்த சீஸ் இதற்கு வீண். சாதாரண இளம் ஸ்விஸ் போதும். துருவிய பாக்கெட் சீஸைப் பலர் திட்டுவார்கள். ஒட்டாமலிருக்க அதில் தூவியிருப்பது பெரும்பாலும் ஏதாவது ஒரு மாவு. உருகும்போது கொழுப்பு பிரியாமல் பிடித்துவைக்க அந்த மாவு உதவவும் செய்கிறது. அவசரத்துக்கு நான் தயங்காமல் வாங்குவேன்.

இறைச்சியில் டின் கார்ன்டு பீஃப் வேண்டாம், கலக்கும்போதே கூழாகிவிடும். கடையில் மெல்லிதாகச் சீவித் தருவதை வாங்கி நறுக்குங்கள். பாஸ்ட்ராமி (மசாலா தடவிப் புகையூட்டிய மாட்டிறைச்சி) போட்டால் புகை வாசமும் மிளகும் தூக்கலாக வரும், அதுவும் நன்றாகவே இருக்கிறது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு வான்கோழி போடலாம். அமெரிக்காவில் அந்த வகை சாண்ட்விச்சை ரேச்சல் என்கிறார்கள், அதில் சாவர்க்ராட்டுக்குப் பதில் கோல்ஸ்லா (பச்சை முட்டைக்கோஸ் சாலட்) வைப்பதுண்டு. டிப்பில் மட்டும் கோல்ஸ்லாவைச் சேர்க்காதீர்கள், மறுபடி தண்ணீர்ப் பிரச்சினைதான்.

ஓவனிலிருந்து எடுத்த முதல் பத்து நிமிடம் எந்த சீஸ் டிப்பும் பிரமாதமாகத்தான் இருக்கும். ஒரு மணி நேரம் கழித்து எப்படி இருக்கிறது என்பதை வைத்துத்தான் நான் மதிப்பெண் போடுவேன். மெல்லிய பீங்கான் தட்டில் சீக்கிரமே இறுகி, ரொட்டியே முறியும். கனமான வார்ப்பிரும்புச் சட்டி சூட்டை நெடுநேரம் பிடித்து வைக்கிறது. கூட்டம் பெரிதென்றால், ஓவனில் வெந்ததை ஸ்லோ குக்கருக்கு மாற்றி 'வார்ம்' நிலையில் வைக்கிறேன். மேலே பொன்னிறப் பொருக்கு கிடைக்காது, ஓரம் கருகாமலிருக்க அவ்வப்போது கிளறவும் வேண்டும். ஆனால் கடைசியாக வருபவருக்கும் சூடாக இருக்கும். 60 டிகிரிக்குக் கீழே ஆறிப்போனதை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது, இறைச்சி இருக்கிறதே.

தொட்டுக்கொள்ள ரை ரொட்டிதான், அதுவும் சீரகம் போலிருக்கும் கேரவே விதை போட்டது. சதுரமாக வெட்டி, லேசான சூட்டில் மொறுமொறுவென்று காயவைத்தால் டிப்பின் கனத்தைத் தாங்கும். பிரெட்ஸல் இரண்டாவது இடம். மெல்லிய உப்பு பிஸ்கட் பாதியில் ஒடிந்து உள்ளேயே மூழ்கிவிடும்.

மீந்ததை மூன்று நாள்வரை குளிர்பெட்டியில் வைத்துச் சாப்பிடலாம். மைக்ரோவேவில் முழு வேகத்தில் சுட்டால் கொழுப்பு பிரிந்துவிடும். பாதி வேகத்தில், ஒரு ஸ்பூன் பால் விட்டு, நடுநடுவே கிளறி நன்றாகச் சூடாக்குங்கள். விருந்துக்கு முதல் நாளே கலந்து வைப்பதும் சரிதான், சுவை இன்னும் சேர்ந்து வருகிறது. குளிர்ந்தபடியே ஓவனுக்குள் போவதால் பத்து நிமிடம் கூடுதலாக ஆகும். மேலே தூவும் சீஸை மட்டும் ஓவனில் வைக்கும்போது போடுங்கள்.