இடது சக்கரத்தின் பிடிவாதம்: 1964 டாட்ஜ் டார்ட்டுடன் நான்கு ஆண்டுகள்

போன வாரம் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பக்கத்து ஊரில் யாரோ ஒருவருடைய கொட்டகையில் பழைய டாட்ஜ் டார்ட் கார் ஒன்று வருடக்கணக்காகக் கிடக்கிறதாம், விலையையும் குறைத்துவிட்டார்களாம், வாங்கலாமா என்று கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. என் டார்ட்டின் இடது பின்சக்கரத்தில் முறிந்துபோன இரண்டு போல்ட்டுகளை மாற்றிவிட்டு, முழங்கை வரை கிரீஸோடு அப்போதுதான் எழுந்து நின்றிருந்தேன். "வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பாதி பதில்தான்.

என்னுடையது நான்கு கதவு வைத்த 270 மாடல், 225 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜின். நான் இருக்கும் மிச்சிகனில் இந்த வயது கார் என்றால் துருவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கார் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில், 1,100 அடிக்கும் கீழே, பெரிய உப்புச் சுரங்கமே இருக்கிறது. பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு, மேலே செய்த கார்களையெல்லாம் கீழிருந்து தின்கிறது. நான் வாங்கிய அன்று முன்பக்கக் கம்பளத்தைத் தூக்கினால் தரை தெரிந்தது. காரின் தரை அல்ல, என் வீட்டு வாசல் தரை. தகரம் வெட்டி, வெல்டிங் வைத்து, இரண்டு பனிக்காலம் அதிலேயே போயிற்று. அதற்கெல்லாம் எனக்குக் கோபம் இல்லை. துரு என்ன செய்யும், அதன் குணம் அது.

கோபம் வருவது இடது பக்கத்துச் சக்கர நட்டுகளின் மேல். 1960கள் முழுக்க, டாட்ஜைச் செய்த கிரைஸ்லர் கம்பெனியின் கார்களில் இடது பக்கச் சக்கரங்களுக்கு எதிர் மரைதான். வலது பக்கம் உலகத்தில் எல்லோரும் திருகுவதுபோல் திருகலாம். இடது பக்கம் கழற்ற வேண்டுமென்றால் இறுக்குகிற திசையில் சுற்ற வேண்டும். சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது நட்டு தானாகத் தளர்ந்துவிடக் கூடாது என்ற கவலை. மற்ற கம்பெனிகள் பெரும்பாலும் இந்தக் கவலை இல்லாமலேயே கார் விற்றன, சக்கரங்களும் கழன்று ஓடிவிடவில்லை. போல்ட்டின் நுனியில் இடது (லெஃப்ட்) என்பதற்கு 'எல்' என்ற எழுத்தைப் பொறித்துவைத்திருக்கிறார்கள். அறுபது வருட அழுக்கைச் சுரண்டினால் தெரியும்.

டயர் மாற்றக் கொடுத்த கடையில் யார் சுரண்டிப் பார்ப்பார்கள்? வாயால் சொன்னேன். காகிதத்தில் எழுதி முன்கண்ணாடியில் ஒட்டியும் வைத்தேன். வேலை செய்த பையன் நட்டு கழற்ற, காற்றில் ஓடும் துப்பாக்கியை வைத்து அழுத்தினான், நட்டு வரவில்லை, இன்னும் அழுத்தினான். பட்டென்று ஒன்று, பிறகு இன்னொன்று. மூன்றாவதற்கு முன்னால் ஓடிப்போய் நிறுத்தினேன். அங்கேயே கத்தினேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது வெட்கமாக இருந்தது. அந்தப் பையன் பிறந்ததே இந்தக் கார் வந்து நாற்பது வருடம் கழித்து. அவன் கை பழகியது ஒரே திசை.

முறிந்த போல்ட்டுகளை மாற்ற, முதலில் பிரேக் டிரம்மைக் கழற்ற வேண்டும். 1964 வரை வந்த டார்ட்டின் பின் அச்சின் நுனி கூம்பு வடிவம். டிரம்மும், சக்கரம் மாட்டும் ஹப்பும் ஒன்றாக அதன் மேல் இறுகி உட்கார்ந்திருக்கும். சாதாரணமாகத் தட்டினால் அசையாது. அதற்கென்று கனத்த புல்லர், அதாவது பிடித்து இழுக்கும் கருவி, ஒன்று வேண்டும். மாட்டி, சம்மட்டியால் அடித்து, திருகி, மறுபடி அடித்து, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப் போனேன். நள்ளிரவில் கொட்டகையிலிருந்து வெடி வெடித்ததுபோல் ஒரு சத்தம். என் மனைவி போலீசைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். போய்ப் பார்த்தால் டிரம் தானாக விட்டிருக்கிறது. அச்சின் நுனி நட்டை முழுதாகக் கழற்றாமல் இரண்டு மூன்று சுற்றில் விட்டுவைத்திருந்தேன், அதனால் பறந்து போய் எதையும் உடைக்கவில்லை. இதை மட்டும் யாரும் மறக்க வேண்டாம்.

நல்லதையும் சொல்ல வேண்டும். கியர் மாற்ற இந்தக் காரில் கம்பி கிடையாது. ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் டாஷ்போர்டில் வரிசையாகப் பொத்தான்கள். நிறுத்திவைக்க மட்டும் பக்கத்தில் சின்ன நெம்புகோல். அடுத்த வருடமே இதை எடுத்துவிட்டார்கள். பழைய தட்டச்சு இயந்திரத்தின் விசைபோல், அழுத்தினால் விரலுக்கு ஒரு பதில் கிடைக்கும். நான்கு வருடத்தில் அந்தப் பொத்தான்கள் ஒருமுறைகூட என்னை ஏமாற்றவில்லை. முப்பது டிகிரி சாய்த்து வைத்த அந்த இன்ஜினும் அப்படியே. இன்ஜின் சூடாக இருக்கும்போதே வால்வு இடைவெளியை அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, இருபது என்று சரிசெய்துவிட்டால் தையல் இயந்திரம்போல் டிக் டிக்கென்று ஓடும். அந்தச் சத்தம் கேட்டால் அன்றைக்கு அலுவலகத்தில் எவன் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. மின்சாரமெல்லாம் டாஷ்போர்டில் மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டர் வழியாகவே போய்வரும் கூத்து தனிக்கதை. பிளாஸ்டிக் கருகும் வாடை வந்ததும் அம்மீட்டரைத் தவிர்த்து வேறு கம்பி போட்டுவிட்டேன், விஷயம் முடிந்தது.

முறிந்தவற்றை மாற்றும்போதே ஐந்தையும் சாதாரண மரைக்கு மாற்றியிருக்கலாம். வாங்கியும் வைத்திருந்தேன். பெட்டியைப் பிரித்து, ஒன்றைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, இழுப்பறையில் போட்டேன். பிறகு 'எல்' பொறித்த போல்ட்டுகளையே தேடி வரவழைத்து மாட்டினேன். ஏன் என்று மனைவி கேட்டாள். எனக்கும் ஒழுங்கான பதில் வரவில்லை.

நேற்று நண்பர் அந்தக் கொட்டகை டார்ட்டின் படங்களை அனுப்பினார். தரை என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை, பின் சக்கரங்கள் இரண்டும் மண்ணில் பாதி புதைந்திருக்கின்றன. ஆனால் ஐந்து பொத்தான்களும் பளிச்சென்று இருக்கின்றன. வாங்காதீர்கள், பணமும் முதுகும் போய்விடும் என்று மறுபடி எழுதினேன். கூடவே, புல்லர் என்னிடம் இருக்கிறது, சனிக்கிழமை வந்தால் எடுத்துப் போகலாம் என்றும் எழுதினேன்.