சிங்கப்பூர் ஐ.டி. வேலையும் ஏஜென்சிகளும்: 7 வருட அனுபவம்

2018 அக்டோபரில் சிங்கப்பூர் வந்து இறங்கினேன். ஜாவா டெவலப்பர். இந்த 7 வருடத்தில் மூன்று வேலை பார்த்திருக்கிறேன். மூன்றுமே ரெக்ரூட்மென்ட் ஏஜென்சி வழியாகக் கிடைத்தவை. அதற்கு முன்னால் சென்னையில் ஒரு கன்சல்டன்சியிடம் பணம் கட்டி ஏமாந்ததும் உண்டு. ஊரிலிருந்து தம்பிகள் அடிக்கடி கேட்கிறார்கள்: "அண்ணா, நல்ல ஏஜென்சியா ஒண்ணு சொல்லுங்க." பெயர் சொல்வதில் எனக்குத் தயக்கம். ஒரே ஏஜென்சி ஒருவரை நல்லபடியாகக் கரை சேர்த்திருக்கும், இன்னொருவரைப் பாதியில் விட்டிருக்கும். ஏஜென்சிக்குக் காசு யாரிடமிருந்து வருகிறது என்று தெரிந்தால், அது நமக்கு எதைச் செய்யும், எந்த இடத்தில் கையை விரிக்கும் என்பது ஓரளவு பிடிபடும். எனக்கு அது பிடிபடப் பல வருடம் ஆனது.

முதலில் சென்னைக் கதை. 2017-இல் வடபழனியில் ஒரு மாடி அலுவலகம். சுவர் முழுக்க நாட்டுக் கொடிகள், வரவேற்பில் இரண்டு பெண்கள் ஓயாமல் போனில் பேசிக்கொண்டிருப்பார்கள். பதிவுக் கட்டணம் 15,000 ரூபாய். ஆஃபர் வந்ததும் இன்னும் 1.35 லட்சம் கட்ட வேண்டும். 15,000-ஐக் கட்டினேன். ஐந்து வாரத்தில், இன்டர்வியூவே இல்லாமல், சிங்கப்பூர் கம்பெனி ஒன்றின் ஆஃபர் லெட்டர் வந்தது. எனக்கு உறுத்தியதே அதுதான். ஜாவாவில் ஒரு கேள்விகூடக் கேட்காமல் எந்தக் கம்பெனி ஆள் எடுக்கும்? சிங்கப்பூரில் பதிவான ஒவ்வொரு கம்பெனிக்கும் யு.இ.என். என்று ஒரு அடையாள எண் உண்டு. அந்த நாட்டு அரசின் பிஸ்ஃபைல் தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். தேடினேன். அந்தப் பெயரில் கம்பெனியே இல்லை. மீதிப் பணத்தைக் கட்டாமல் தப்பித்தேன், கட்டிய 15,000 திரும்பி வரவில்லை.

அப்போது எனக்குத் தெரியாத ஒன்று: இந்தியாவிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட், 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி வெளியுறவு அமைச்சகத்திடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவரிடம் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். பதிவு பெற்றவர்கள் யார் என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். ஒன்றரை லட்சம் கேட்டபோதே எழுந்து வந்திருக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் பதிவு பெற்ற ஏஜென்சிதான். ஆனால் அங்கே செவிலியர், டெக்னீஷியன், ஓட்டுநர் போன்ற வேலைகள்தான் அதிகம் கண்ணில் படும்.

அடுத்த வருடம் லிங்க்ட்-இன்னில் சிங்கப்பூர் ரெக்ரூட்டர் ஒருவரிடமிருந்து செய்தி வந்தது. ஏற்கெனவே சூடு பட்டவன் என்பதால் பதிலே போடவில்லை. ஆனால் அந்தச் செய்தியின் அடியில் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று ஏஜென்சியின் உரிம எண், இன்னொன்று ஆர் எழுத்தில் தொடங்கும் அவருடைய சொந்தப் பதிவு எண். சிங்கப்பூரில் ஏஜென்சிக்கும் உரிமம் வேண்டும், அங்கே ஆள் எடுப்பவரும் தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். இரண்டையும் மனிதவள அமைச்சின் தளத்தில் போட்டுப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் பெயரே வந்தது. அப்புறம்தான் போனை எடுத்தேன்.

அவர் என்னிடம் ஒரு காசு கேட்கவில்லை. அவருக்குக் காசு தருவது என்னை எடுக்கப்போகும் வங்கி. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. நான் அவருடைய வாடிக்கையாளர் இல்லை. வங்கிக்கு வேலை கேட்டு ஆறு பேர் ப்ரொஃபைலை அனுப்பியிருப்பார், அதில் நான் ஒருவன். வங்கிக்கு நான் வேண்டும் என்று தெரிகிற வரை ஒரு நாளைக்கு மூன்று முறை கூப்பிடுவார். வேண்டாம் என்று தெரிந்த நிமிடத்தில் போன் நின்றுவிடும். இதை அவமதிப்பு என்று நினைத்து முதலில் ரொம்பவே வருத்தப்பட்டிருக்கிறேன். இப்போது அப்படி நினைப்பதில்லை.

புதிதாக வருகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது டபுள் சப்மிஷனில். ஒரே வங்கியின் ஒரே வேலைக்கு நான்கு ஏஜென்சிகள் ஆள் தேடும். நாம் ஆர்வத்தில் எல்லோருக்கும் ரெஸ்யூமேயை அனுப்பிவிடுவோம். இரண்டு ஏஜென்சி வழியாக ஒரே ஆளின் ப்ரொஃபைல் போனால், யாருக்குக் கமிஷன் என்ற தகராறு வரும் என்று வங்கி ஆளையே ஒதுக்கிவிடும். எனக்கு ஒருமுறை இப்படி நடந்தது. அதற்குப் பிறகு எந்த ரெக்ரூட்டர் கூப்பிட்டாலும் முதல் கேள்வி, "எந்த வங்கி, எந்த டீம்?" என்பதுதான். பெயரைச் சொல்ல மறுத்தால் ரெஸ்யூமே கிடையாது. சொன்னால், அந்த வேலைக்கு மட்டும் என்னை அனுப்பலாம் என்று மெயிலில் எழுதிக் கொடுப்பேன். யாருக்கு எப்போது எழுதிக் கொடுத்தேன் என்று ஒரு ஷீட்டில் தேதி போட்டு வைத்திருக்கிறேன். இன்றைக்கு அதில் 61 வரி இருக்கிறது.

இப்போது சம்பளப் பேச்சு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் குடும்பமே இதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று ரவுண்டு இன்டர்வியூ முடிந்து ஆஃபர் வந்தது: மாதம் 5,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). சென்னைச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் பெரிய தொகை. மனைவியிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டு, இரவு அமைச்சின் தளத்தைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தேன். மனைவி, பிள்ளைகளைச் சார்ந்தோர் அட்டையில் அழைத்துவர நிரந்தர மாதச் சம்பளம் 6,000 வெள்ளியாவது இருக்க வேண்டும். அந்த வருடம் ஜனவரியில்தான் 5,000-லிருந்து உயர்த்தியிருந்தார்கள். எனக்கு 200 வெள்ளி குறைகிறது. மகனுக்கு அப்போது எட்டு மாதம்.

மறுநாள் ரெக்ரூட்டரிடம் சொன்னேன். "வருடக் கடைசியில் போனஸ் வரும், எல்லாம் சேர்த்தால் 6,000 தாண்டிவிடும்" என்றார். போனஸ் நிரந்தரச் சம்பளத்தில் சேராது. இது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் வங்கியோடு அவர் ஒரு விலை பேசி முடித்துவிட்டார், அதைத் திரும்பத் திறக்க அவருக்கு மனமில்லை. நான் வாக்குவாதம் செய்யவில்லை. "6,000 இல்லாவிட்டால் என் குடும்பம் வர முடியாது, அதனால் நானும் வர முடியாது" என்று இரண்டே வரி மெயில் போட்டேன். ஐந்து நாள் சத்தமே இல்லை. அந்த ஐந்து நாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆறாவது நாள் 6,000 போட்டுப் புது லெட்டர் வந்தது. ஆஃபர் கைக்கு வந்தபின் ஏஜென்சிக்கு நம்மை இழக்க விருப்பமிருக்காது. புதிதாக ஆள் தேடினால் அவர்களுக்கு ஒன்றரை மாதம் வீண். நம் பக்கம் பலம் இருப்பது அந்தச் சில நாள் மட்டும்தான்.

இது ஒப்பந்த வேலை. இதில் சம்பளம் தருவது வங்கி இல்லை, ஏஜென்சி. வங்கிக்குள் உட்கார்ந்து வேலை பார்ப்போம், அடையாள அட்டையின் நாடா நிறம் மட்டும் வேறாக இருக்கும். வேலை அனுமதி, விடுப்பு, மருத்துவக் காப்பீடு எல்லாம் ஏஜென்சியின் பெயரில். எட்டாவது மாதம் யாரோ தவறுதலாக எனக்கும் ஃபார்வர்ட் செய்த ஒரு மெயிலில், என் பெயருக்கு நேரே வங்கி ஏஜென்சிக்குத் தரும் தொகை இருந்தது: மாதம் 9,200 வெள்ளி. அன்று முழுக்க மனசு ஆறவில்லை. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். விடுப்பு, காப்பீடு, அலுவலகச் செலவு எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். ஆனாலும் இடைவெளி பெரியது. இரண்டாம் வருட ஒப்பந்தத்தின்போது தயங்காமல் கேட்டேன், 6,500 கிடைத்தது. மெயிலைப் பற்றி வாயே திறக்கவில்லை.

2020 ஜூலையில் வங்கி ப்ராஜெக்டை நிறுத்தியது. கடைசி நாள் ஆகஸ்ட் 31. வேலை அனுமதி ரத்தானால் 30 நாள் தங்கலாம், அவ்வளவுதான். என் அனுமதியோடு மனைவி, மகன் இருவரின் அட்டையும் ரத்தாகும். கொரோனாவால் ஊருக்குப் போவதென்றால், இந்திய அரசு ஏற்பாடு செய்த வந்தே பாரத் விமானத்துக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டிய காலம். என்னை எடுத்த ஏஜென்சியில் வேறு இடம் பார்க்கச் சொன்னேன். "பார்க்கிறோம்" என்றார்கள். நாலு நாளுக்கு ஒருமுறை நான்தான் கூப்பிட்டேன். இந்த இடத்தில்தான் எனக்கு உண்மையிலேயே கோபம். இரண்டு வருடம் என் வேலையில் மாதாமாதம் பங்கு எடுத்தவர்கள், அந்த ஒரு மாதம் கொஞ்சம் முயற்சி எடுத்திருக்கலாம்.

இன்னொரு விஷயம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வெளிநாட்டவர் வேலையை விட்டு நிற்கும்போது, வரிக் கணக்கு முடிகிற வரை கம்பெனி கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைக்கும். இது சட்டம், ஏஜென்சியின் தவறு இல்லை. என் ஆகஸ்ட் சம்பளம் செப்டம்பர் கடைசியில்தான் வந்தது. அந்த மாத வாடகைக்கு மச்சினன் பணம் அனுப்பினார். கையில் இரண்டு மாதச் செலவு இல்லாமல் ஒப்பந்த வேலையில் இருக்கக் கூடாது.

என்னைக் காப்பாற்றியது வேறொரு சிறிய ஏஜென்சி. நடத்துகிறவர் ஒருவர், உதவிக்கு ஒருவர். என் ஷீட்டில் 2019-இல் எழுதிய பழைய பெயர். ஒரு மெயில் போட்டேன், மறுநாளே பேசினார். "தம்பி, சம்பளம் 6,200 தான் வரும், உடனே சரியென்று சொல்லுங்கள், நான் இன்றைக்கே தள்ளுகிறேன்" என்றார். 30 நாளில் 26-ஆவது நாள் புது அனுமதி வந்தது. 300 வெள்ளி குறைவு. ஆனால் அவர் ஒவ்வொரு மாலையும் என்ன நடக்கிறது என்று கூப்பிட்டுச் சொன்னார். இன்று வரை தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோகிறோம்.

அங்கே நாலு வருடத்துக்கு மேல் இருந்தேன். பிறகு காம்பஸ் வந்தது, வேலை அனுமதிக்கான புள்ளி முறை. 2023 செப்டம்பர் முதல் புது விண்ணப்பத்துக்கும், 2024 செப்டம்பர் முதல் புதுப்பித்தலுக்கும் 40 புள்ளி வேண்டும். சம்பளம், படிப்பு, கம்பெனியில் நம் நாட்டவர் எத்தனை பேர், உள்ளூர்க்காரர் எத்தனை பேர் என்று நான்கு அடிப்படைக் கணக்கு. மூன்றாவதில்தான் நம்மவர்களுக்குச் சிக்கல். கம்பெனியின் நிபுணர் நிலை ஊழியர்களில் நாலில் ஒரு பங்கு, அல்லது அதற்கு மேல், நம் நாட்டவராக இருந்தால் அதில் பூஜ்யம். வங்கியில் பல நாட்டவர் இருக்கலாம், ஆனால் என்னுடைய முதலாளி வங்கி இல்லை, ஏஜென்சி. ஐ.டி. ஒப்பந்த ஏஜென்சியின் சம்பளப் பட்டியலில் பாதிக்கு மேல் நாம்தான். அந்தச் சிறிய ஏஜென்சி அண்ணனே கூப்பிட்டு உட்காரவைத்துக் கணக்கைக் காட்டினார்: "உங்களுக்கு 30 தான் வருகிறது. 2025-இல் புதுப்பிக்க முடியாமல் போகலாம். இப்போதே நேரடி வேலை தேடுங்கள்." தன் வருமானம் போகும் என்று தெரிந்தே சொன்னார்.

2025 தொடக்கத்தில் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில் நிரந்தர வேலை கிடைத்தது. இதற்கும் நடுவில் ஒரு ஏஜென்சி உண்டு, ஆனால் ஆளைப் பிடித்துக் கொடுத்ததற்கு ஒரு முறைக் கட்டணம் வாங்கிக்கொண்டு விலகிவிட்டது. நான்கிலும் பத்துப் பத்து, சரியாக 40. பட்டத்தைச் சரிபார்த்து வாங்க மட்டும் மூன்று வாரம் ஓடியது. யாராவது இப்போது வரத் திட்டமிட்டால், இந்தச் சரிபார்ப்பை முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்த வேலை என்றால், ஏஜென்சியிடம் காம்பஸ் மூன்றாவது கணக்கில் எத்தனை புள்ளி என்று வெளிப்படையாகக் கேளுங்கள். ஒழுங்கான ஏஜென்சி பதில் சொல்லும்.

போன மாதம் சித்தி மகன் ஒரு விளம்பரத்தை அனுப்பினான். தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங், மாதம் ஒரு லட்சத்துக்கு மேல், டிக்கெட் இலவசம், விசா அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம். கட்டணம் எதுவும் இல்லை என்பதால் நல்ல ஏஜென்சிதானே என்று கேட்டான். 2022-இல் இதே மாதிரி விளம்பரத்தை நம்பிப் போன நம் ஐ.டி. பிள்ளைகளை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய், இணைய மோசடி வேலையில் அடைத்து வைத்தார்கள். வெளியுறவு அமைச்சகமே அந்தச் செப்டம்பரில் எச்சரிக்கை விட்டது. காசு கேட்காத இடத்தில் காசு வேறெங்கிருந்தோ வருகிறது, அது எங்கிருந்து என்று கேள் என்றேன். கம்பெனியின் முகவரியும் ஏஜென்ட்டின் பதிவு எண்ணும் கேட்டு நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு வாட்ஸப் செய்தி அனுப்பினோம். நீல டிக் விழுந்தது. பத்து நிமிடத்தில் அவனை பிளாக் செய்துவிட்டார்கள்.