விக்ரோவா, ஹெம்பலா? பின்னக் காய்ச்சி வடிக்க எந்தக் கண்ணாடி

பின்னக் காய்ச்சி வடித்தல் என்றால், கலந்த திரவங்களைக் கொதிநிலை வித்தியாசத்தைக் கொண்டு ஒவ்வொன்றாகப் பிரிப்பது. அதற்குக் குடுவையின் மேல் நிறுத்தும் குழாயைத் தேடி ஆய்வகச் சாமான் பட்டியலைப் புரட்டினால் முதலில் கண்ணை இழுப்பது விக்ரோ குழாய்தான். ஆன்றி விக்ரோ என்ற பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞரின் பெயரைத் தாங்கியது. குழாயின் சுவரைச் சூடாக்கி உள்ளே குத்திவிட்டதுபோல் வரிசை வரிசையாக முட்கள், நுனி கீழ்நோக்கிச் சாய்ந்து நிற்கும். பக்கத்திலேயே ஹெம்பல் குழாய் இருக்கும். வெறும் கண்ணாடிக் குழாய், உள்ளே நாம் நிரப்பும் துண்டுகளைத் தாங்க அடியில் மட்டும் இரண்டு மூன்று பள்ளம். அழகுப் போட்டி என்றால் ஹெம்பலுக்கு இடமே இல்லை. அதனால்தானோ என்னவோ, பல கல்லூரி ஆய்வகங்களில் விக்ரோ மட்டும் இருக்கும்.

எது நல்ல குழாய் என்று கேட்பதைவிட, குடுவையில் எத்தனை மில்லி ஊற்றப் போகிறீர்கள் என்று கேட்பதுதான் முக்கியம். கொதிநிலை வித்தியாசம் இரண்டாவது கேள்வி.

முதலில் இரண்டாவதைப் பார்த்துவிடலாம். இரண்டு திரவங்களின் கொதிநிலை 36 டிகிரி தள்ளியிருந்தால், சுத்தமாகப் பிரிக்க ஐந்து தட்டுகள் வேண்டும் என்பது பழகிய கணக்கு. 20 டிகிரி என்றால் பத்து, 10 டிகிரி என்றால் இருபது. தட்டு என்பது கண்ணால் பார்க்கும் தட்டு இல்லை. ஒருமுறை ஆவியாகி ஒருமுறை குளிர்வதற்குச் சமமான அளவு. விக்ரோவில் ஒரு தட்டுக்கு எட்டு முதல் பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரம் போய்விடும். 30 செ.மீ. குழாயில் மூன்று தட்டு கிடைத்தால் நல்ல நாள். அதே உயர ஹெம்பலில் சின்னக் கண்ணாடிச் சுருள்களை நிரப்பினால் நாலு சென்டிமீட்டருக்கு ஒரு தட்டு, ஏழு வரை வரும்.

பாத்திரம் கழுவிச் சேர்த்துவைத்த அசிட்டோனை மீட்கப் போகிறீர்களா? அசிட்டோன் 56, தண்ணீர் 100. மறுபடி கழுவத்தானே, விக்ரோ போதும். சைக்ளோஹெக்சேனும் டொலுவீனும் கலந்திருந்தால் கதை வேறு. 81-க்கும் 111-க்கும் இடையில் முப்பது டிகிரிதான். விக்ரோவில் தெர்மாமீட்டர் 81-இல் கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு நழுவி நழுவி ஏறும், நடுவில் வருவதெல்லாம் கலப்படம். நிரப்பிய ஹெம்பலில் அதே கலவை 81-இல் பிடிவாதமாக நிற்கும். முதல் திரவம் தீர்ந்ததும் சட்டென்று தாவும். அந்தத் தாவலை மாணவர்களுக்குக் காட்ட முடிவதே ஹெம்பலுக்குக் கொடுக்கும் காசுக்குச் சரி.

அப்படியானால் ஹெம்பல்தானே என்று முடித்துவிட முடியாது. இங்கேதான் முதல் கேள்வி வருகிறது. நிரப்பிய பொருளின் மேலெல்லாம் திரவம் படிந்து நிற்கும். விக்ரோவில் ஓரிரு மில்லி தங்கினால், நிரப்பிய குழாயில் அதைப்போலப் பல மடங்கு தங்கும். 200 மி.லி. வடிக்கும்போது இது தெரியாது. நாலு நாள் வினை செய்து 20 மி.லி. பொருள் எடுத்தவர் அதை ஹெம்பலில் ஏற்றினால், கால்வாசி குழாயோடு போய்விடும். என் கணக்கில் 50 மில்லிக்குக் கீழே விக்ரோ, 100-க்கு மேலே ஹெம்பல். நடுவில் இருப்பது அவரவர் பொறுமை. வெற்றிடத்தில் வடிப்பதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், விக்ரோதான். நிரப்பிய குழாய் ஆவியைத் தடுப்பதால் மேலே 10 மி.மீ. பாதரச அழுத்தம் இருந்தாலும் குடுவைக்குள் அதைவிடக் கூடுதலாக இருக்கும். கொதிநிலையைக் குறைக்கத்தான் பம்ப்பே வைத்தோம்.

ஹெம்பல் வாங்குபவர்கள் உள்ளே எதைப் போடுவது என்பதில் சறுக்குவார்கள். கடையில் எளிதாகக் கிடைப்பது 6 மி.மீ. ராஷிக் வளையம், அதாவது குட்டையான வெற்றுக் குழாய்த் துண்டு. ஆனால் நிரப்பும் துண்டு, குழாயின் உள்விட்டத்தில் எட்டில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது; இல்லாவிட்டால் திரவம் சுவரோரமாக வழிந்து ஓடிவிடும். 24 மி.மீ. குழாய்க்கு 3 மி.மீ. துண்டுதான் பொருத்தம். கண்ணாடி மணிகளைப் போடாதீர்கள். மணிகளுக்கு இடையே நூற்றுக்கு நாற்பது பங்குதான் காலி இடம். கொஞ்சம் சூட்டைக் கூட்டினாலே திரவம் இறங்க முடியாமல் குழாயில் தேங்கிக் குமுறும். பாத்திரம் தேய்க்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிச் சுருள் கேலிக்குரியதாகத் தோன்றும், ஆனால் நன்றாக வேலை செய்யும். அமிலம், குளோரின் கலந்த பொருள் என்றால் மட்டும் வேண்டாம்.

ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கண்டென்சரில் எனக்குக் குழப்பமே இல்லை: உள்குழாய் நேராக இருக்கும் லீபிக். அலின் கண்டென்சரில் குமிழ்கள் இருப்பதால் குளிரும் பரப்பு அதிகம் என்று கடைக்காரர் சொல்வார், உண்மைதான். நேராக நிறுத்தி ரிஃப்ளக்ஸ் செய்ய, அதாவது ஆவியைக் குளிர்வித்துக் குடுவைக்கே திருப்பிவிட, அது அருமை. சாய்த்து வைத்தால் ஒவ்வொரு குமிழின் அடியிலும் குட்டையாகத் திரவம் நிற்கும். முதலில் வடிந்த பங்கின் (பின்னத்தின்) மிச்சம் இரண்டாவதோடு கலக்கும். கஷ்டப்பட்டுப் பிரித்ததைக் கண்டென்சரே சேர்த்துவைக்கும்.

கண்ணாடிச் சாமான்களை ஒன்றோடொன்று செருகும் ஜாயிண்ட் விஷயத்தில் நம் ஊரில் பி24 என்று கேட்டால் 24/29 வரும்; முதல் எண் அகலம், இரண்டாவது நீளம், இரண்டும் மி.மீ. வெளிநாட்டுத் தளங்களில் 24/40 என்று பார்த்துப் பயப்பட வேண்டாம், சரிவு ஒன்றேதான், பொருந்தும். நீளம் மட்டும் கூடும். 50 மி.லி.க்குக் கீழான வேலைக்கு பி14 செட் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. பெரிய ஜாயிண்டும் இணைப்புத் துண்டுகளுமாக (அடாப்டர்) சேர்ந்து சின்ன அளவை விழுங்கிவிடும். கண்ணாடி, சூடு தாங்கும் போரோசிலிகேட் 3.3 தானா என்று கேட்டு வாங்குங்கள். சாதா சோடாக் கண்ணாடி சூட்டில் இதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு விரியும். சூடாக்கும் மேண்டிலில் வைத்திருக்கும்போது குடுவை விரிசல் விட்டால் உள்ளே இருப்பது பெரும்பாலும் பற்றிக்கொள்ளும் திரவம்.

சூடு வெளியே போகாமல் இருக்க வெள்ளி பூசிய வெற்றிட உறை போட்ட குழாய்களும் உண்டு. கொதிநிலை 100-க்கு மேல் போகும் வேலை தினமும் இருந்தால் வாங்கலாம். மற்றவர்கள் கண்ணாடிக் கம்பளியைச் சுற்றி அதன்மேல் அலுமினியத் தாள் சுற்றினால் போதும். நீளவாக்கில் ஒரு விரல் அகலம் திறந்து விடுங்கள், உள்ளே திரவம் தேங்குகிறதா என்று பார்க்க.

அப்புறம் கண்டென்சரில் ஓடவிடும் தண்ணீர். சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் டொலுவீனைக் குளிர்விக்கும். 35 டிகிரியில் கொதிக்கும் ஈதரை அது ஒன்றும் செய்யாது. ஒரு வாளி ஐஸ் தண்ணீரும் அதில் போட மீன்தொட்டி மோட்டாரும் சேர்த்து ஆர்டர் போட்டுவிடுங்கள்.