மூன்று வடிவங்கள், ஓர் இலங்கை அணி: எதைப் பின்தொடர்ந்தால் அணியின் நிலை தெரியும்?

2019 பெப்ரவரி 16ஆம் திகதி, டர்பன் கிங்ஸ்மீட் மைதானத்தில் இலங்கை அணியின் ஒன்பதாவது விக்கெட் வீழ்ந்தபோது வெற்றிக்கு இன்னும் 78 ஓட்டங்கள் தேவைப்பட்டன. களத்தில் குசல் ஜனித் பெரேராவும், மட்டையை நம்பி அணியில் சேர்க்கப்படாத வேகப்பந்து வீச்சாளர் விஷ்வ பெர்னாண்டோவும் நின்றார்கள். ஓவரின் பெரும்பகுதியைப் பெரேரா தானே எதிர்கொண்டு, கடைசிப் பந்துகளில் ஓர் ஓட்டம் எடுத்து முனை மாறுவார். விஷ்வவுக்கு வரும் ஒன்றிரண்டு பந்துகளை அவர் எப்படியோ தடுத்துவிடுவார். நம் நேரப்படி மாலையாகிவிட்ட அவ்வேளையில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு எழுந்தவர்கள் பலர். எழாமல் இருந்தவர்கள், 27 பந்துகளைச் சந்தித்து 6 ஓட்டங்களுடன் நின்ற விஷ்வவையும், 200 பந்துகளில் 153 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காது நின்ற பெரேராவையும், ஒரு விக்கெட்டினால் கிடைத்த வெற்றியையும் பார்த்தார்கள். அடுத்த டெஸ்டிலும் வென்று, தென்னாபிரிக்க மண்ணில் டெஸ்ட் தொடரைக் கைப்பற்றிய முதல் ஆசிய அணியாக இலங்கை ஆனது.

அதே சுற்றுப்பயணத்தில், மார்ச் மாதத்தில் நடந்த ஐந்து ஒருநாள் போட்டிகளிலும் இலங்கை தோற்றது. அதன் பின்னர் நடந்த மூன்று இருபதுக்கு-20 போட்டிகளும் கைநழுவின. அவற்றுள் ஒன்று சமநிலையில் முடிந்து, வெற்றியாளரைத் தீர்மானிக்கும் சுப்பர் ஓவர் வரை சென்றது. டெஸ்ட் அணியைத் திமுத் கருணாரத்னவும் ஒருநாள் அணியை லசித் மாலிங்கவும் வழிநடத்தினார்கள் என்பதும், வீரர்களில் பலர் வேறு என்பதும் உண்மையே. ஆயினும் பெப்ரவரியில் பெருமிதத்தோடு பேசிய அதே வாய்கள் மார்ச்சில் "இந்த அணி உருப்படாது" என்று சொன்னதற்குக் காரணம், ஒரு வடிவத்தின் முடிவை வைத்து மற்றொரு வடிவத்தை எடைபோடும் நம்முடைய பழக்கமே.

டெஸ்ட், ஒருநாள், இருபதுக்கு-20 ஆகிய மூன்று வடிவங்களையும் முழுமையாகப் பின்தொடர வேலைக்குப் போகும் ஒருவருக்கு நேரம் கிடைப்பதில்லை. எனவே எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி நியாயமானது. ஒவ்வொரு வடிவமும் இலங்கை அணியைப் பற்றி எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்பதை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த நாட்டில் கிரிக்கெட்டைப் பட்டிதொட்டி எங்கும் கொண்டு சேர்த்தது ஒருநாள் போட்டிதான். டெஸ்ட் அந்தஸ்து கிடைப்பதற்கு முன்னரே, 1975 உலகக் கிண்ணத்தில் இலங்கை ஆடியது. மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 86 ஓட்டங்களுக்குச் சுருண்ட அதே அணி, அவுஸ்திரேலியாவுக்கு எதிராக, ஜெஃப் தொம்சனின் பந்துகளால் இருவர் காயமுற்று மருத்துவமனைக்குச் சென்ற ஆட்டத்தில் 276 ஓட்டங்களைப் பெற்றது. 1979 உலகக் கிண்ணத்தில் இந்தியாவை 47 ஓட்டங்களால் வென்றது. பின்னர் 1996 உலகக் கிண்ண வெற்றி. முதல் பதினைந்து ஓவர்களில் எல்லைக்கோட்டருகே களத்தடுப்பாளர்கள் குறைவாகவே நிற்கலாம் என்ற கட்டுப்பாட்டைப் பயன்படுத்தி சனத் ஜயசூரியவும் ரொமேஷ் களுவிதாரணவும் அடித்தாடியதே அந்த வெற்றியின் காரணம் என்று இன்றும் சொல்கிறோம். ஆனால் கொல்கத்தா அரையிறுதியில் அவ்விருவரும் முதல் ஓவரிலேயே ஆட்டமிழந்தார்கள்; லாகூர் இறுதிப் போட்டியில் 23 ஓட்டங்களுக்குள் இருவரும் வெளியேறினார்கள். இரண்டு தடவையும் அணியை நிமிர்த்தியவர் அரவிந்த டி சில்வா. இறுதிப் போட்டியில் மூன்று விக்கெட்டுகளை வீழ்த்திவிட்டு, ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களைப் பெற்றார். தொடக்கம் சிதைந்தாலும் ஆற அமர மீள்வதற்கு ஐம்பது ஓவர்கள் இடங்கொடுக்கின்றன. அந்த இடத்தைப் பயன்படுத்தத் தெரிந்த நடுவரிசை இருக்கிறதா என்பதே ஓர் ஒருநாள் அணியின் உரைகல்.

இவ்வுரைகல்லில் அண்மைக் காலத்து இலங்கை அணி தேறவில்லை. 2023 செப்டெம்பர் 17ஆம் திகதி, ஆசியக் கிண்ண இறுதிப் போட்டிக்காகக் கொழும்பு கெத்தாராம மைதானத்தில் நிறைந்திருந்த இரசிகர்கள் மழை விட்டதும் ஆசனங்களில் அமர்ந்தார்கள், இந்தியாவின் மொஹமட் சிராஜ் ஒரே ஓவரில் நான்கு விக்கெட்டுகளை வீழ்த்தினார், 15.2 ஓவர்களில் 50 ஓட்டங்களுக்கு எல்லாம் முடிந்தது. நவம்பர் 2ஆம் திகதி மும்பையில், உலகக் கிண்ணப் போட்டியில், அதே இந்தியாவுக்கு எதிராக 55 ஓட்டங்கள். ஒன்பது ஆட்டங்களில் இரண்டில் மட்டும் வென்று, ஒன்பதாவது இடத்தில் முடித்த காரணத்தால் 2025 சம்பியன்ஸ் கிண்ணத்துக்கான வாய்ப்பு பறிபோனது. அந்த உலகக் கிண்ணத்துக்கே சிம்பாப்வேயில் நடந்த தகுதிகாண் சுற்றில் ஆடித்தான் இலங்கை போக வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இதற்கு மாறான சான்றும் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் இந்தியாவை 2-0 என்று வென்றோம். 1997க்குப் பின்னர் இந்தியாவுக்கு எதிராகக் கிடைத்த முதல் இருதரப்பு ஒருநாள் தொடர் வெற்றி அது. 2025 பெப்ரவரியில் உலகச் சம்பியனான அவுஸ்திரேலியாவையும் 2-0 என்று வென்றோம். இரண்டாவது ஆட்டத்தில் வித்தியாசம் 174 ஓட்டங்கள். அந்த ஆட்டம் முடிந்து ஐந்து நாள்களில் சம்பியன்ஸ் கிண்ணம் ஆரம்பமானபோது, அவுஸ்திரேலியா ஆடியது, இலங்கை வீட்டில் இருந்தது. அந்த வாரத்தில் எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அந்த இரு தொடர் வெற்றிகளும் கெத்தாராமவின் மெதுவான ஆடுகளத்தில், சுழற்பந்தின் துணையோடு வந்தவை. ஜெஃப்ரி வண்டர்சே 33 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளையும், துனித் வெல்லாலகே 27 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளையும் வீழ்த்திய ஆட்டங்களை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது; அதே வேளையில், பிற நாட்டு ஆடுகளங்களில் நடக்கும் பெருந்தொடர் ஒன்றுக்கான முன்னறிவிப்பாக அவற்றைக் கொள்ளவும் முடியாது. ஒருநாள் வடிவத்தில் உள்ளூர் இருதரப்புத் தொடர்கள் நம்பிக்கை தருகின்றன. உலகக் கிண்ணமே கணக்கைச் சொல்கிறது.

இருபதுக்கு-20 வடிவத்தில் அந்தக் கணக்கைக்கூட எழுத முடிவதில்லை. 2009, 2012 ஆகிய இரு உலகக் கிண்ண இறுதிப் போட்டிகளில் தோற்று, 2014 ஏப்ரல் 6ஆம் திகதி டாக்காவில், குமார் சங்கக்காரவின் ஆட்டமிழக்காத 52 ஓட்டங்களோடு இந்தியாவை வென்ற காலத்தில் இலங்கைக்கு நிலையான ஓர் அணி இருந்தது. இன்றைய நிலை வேறு. 2022 ஆசியக் கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் ஆப்கானிஸ்தானிடம் 105 ஓட்டங்களுக்குச் சுருண்ட அணி, செப்டெம்பர் 11ஆம் திகதி துபாயில், இறுதிப் போட்டியில், 58 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை இழந்திருந்த நிலையிலிருந்து பானுக ராஜபக்ஷவின் 71 ஓட்டங்களால் 170ஐ எட்டி, பாகிஸ்தானை 23 ஓட்டங்களால் வென்றது. மீள்வதற்கு இடங்கொடுப்பவை ஐம்பது ஓவர்களே என்ற பொருள்பட மேலே நான் சொன்னதற்கு இதுவே மறுப்பு என்றாலும், இத்தகைய மீட்சிகள் அரிதானவை. நாட்டில் நடந்திருக்க வேண்டிய அத்தொடர் பொருளாதார நெருக்கடியால் ஐக்கிய அரபு இராச்சியத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. எரிபொருளுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற மக்கள், கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து திறந்த பேருந்தில் கிண்ணத்தோடு வந்த வீரர்களைத் தெருவோரம் நின்று வரவேற்றார்கள். அந்த நாளின் மகிழ்ச்சியை வேறெந்த வடிவமும் அவ்வளவு விரைவாகக் கொடுத்திருக்க முடியாது. ஆனால் அதற்கு 35 நாள்களின் பின்னர், ஜீலோங்கில், உலகக் கிண்ணத்தின் முதல் ஆட்டத்திலேயே நமீபியாவிடம் 55 ஓட்டங்களால் தோற்றோம்.

பல்லேகலயில் 2024 ஜூலை 30ஆம் திகதி நடந்ததையும் எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவின் 137 ஓட்டங்களைத் துரத்திய இலங்கைக்குக் கடைசி 12 பந்துகளில் 9 ஓட்டங்கள் மட்டுமே தேவைப்பட்டன. முறையான பந்துவீச்சாளரல்லாத ரிங்கு சிங் வீசிய 19ஆவது ஓவரில் 3 ஓட்டங்கள், இரண்டு விக்கெட்டுகள். துடுப்பாட்ட வீரரான சூர்யகுமார் யாதவ் வீசிய கடைசி ஓவரில் தேவைப்பட்ட 6 ஓட்டங்களுக்கு 5 மட்டுமே வந்தன. மீண்டும் இரண்டு விக்கெட்டுகள் போயின. சுப்பர் ஓவரில் இலங்கை பெற்றது 2 ஓட்டங்கள். தொடர் 0-3. அதே இந்தியாவைத்தான், அடுத்த ஒன்பது நாள்களுக்குள் ஒருநாள் தொடரில் நாம் வென்றோம். இருபதுக்கு-20 தொடரின் முடிவை மட்டும் பார்த்தவர் அந்த வெற்றியை எதிர்பார்த்திருக்கவே மாட்டார்.

வடிவங்களுக்கு இடையில் இவ்வளவு தூரம் முன்பு இருக்கவில்லை. 1997இல் இந்தியாவுக்கு எதிராக டெஸ்டில் 6 விக்கெட்டுகளுக்கு 952. 2006இல் நெதர்லாந்துக்கு எதிராக ஒருநாள் போட்டியில் 9 விக்கெட்டுகளுக்கு 443. 2007இல் கென்யாவுக்கு எதிராக இருபதுக்கு-20இல் 6 விக்கெட்டுகளுக்கு 260. மூன்று வடிவங்களிலும் அதிகூடிய ஓட்ட எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் இலங்கையின் கையிலேயே இருந்தது. 2016 ஆகஸ்ட் 30ஆம் திகதி இங்கிலாந்து 444 ஓட்டங்களைப் பெற்று ஒன்றைப் பறித்தது. ஒரு வாரத்தின் பின்னர் அவுஸ்திரேலியா பல்லேகலயில், நமக்கு எதிராகவே, 263 ஓட்டங்களைப் பெற்று மற்றதையும் பறித்தது. 952 இன்றும் நிற்கிறது.

வீரர்களை அளப்பதிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. முத்தையா முரளிதரனின் 800 டெஸ்ட் விக்கெட்டுகளும் 534 ஒருநாள் விக்கெட்டுகளும் உலக சாதனைகள். இருபதுக்கு-20 சர்வதேசப் போட்டிகளில் அவர் ஆடியது 12, வீழ்த்தியது 13. மாலிங்க 30 டெஸ்ட்களோடு 2011இல் அவ்வடிவத்திலிருந்து விலகி, இருபதுக்கு-20இல் 107 விக்கெட்டுகளைச் சேர்த்தார். ஒரு வடிவத்தை மட்டும் பார்த்து வளர்ந்த ஒருவர் இவ்விருவரில் ஒருவரை அறியாமலே இருந்துவிடக்கூடும்.

டெஸ்ட் போட்டியின் பக்கம் நான் சாய்வதற்கு முதன்மையான காரணம், அங்கே காரணமும் விளைவும் கண்ணுக்குத் தெரிகின்றன என்பதே. 2024 செப்டெம்பரில் இலண்டன் ஓவல் மைதானத்தில் 219 ஓட்டங்கள் என்ற இலக்கைப் பெத்தும் நிஸ்ஸங்க ஆட்டமிழக்காத 127 ஓட்டங்களால் எட்டச் செய்தார். தொடர் ஏற்கெனவே கைநழுவியிருந்தபோதும், அந்த வெற்றிக்கு முன்னைய நாள் வேகப்பந்து வீச்சாளர்கள் இங்கிலாந்தை இரண்டாவது இன்னிங்ஸில் 156 ஓட்டங்களுக்குக் கட்டுப்படுத்தியிருந்தார்கள். அதே மாத இறுதியில் காலியில் நியூசிலாந்துக்கு எதிராக 602 ஓட்டங்களைக் குவித்து, எதிரணியை 88 ஓட்டங்களுக்குச் சுருட்டி, தொடரை 2-0 என்று வென்றோம். கமிந்து மெண்டிஸ் 13ஆவது இன்னிங்ஸில் 1000 ஓட்டங்களை எட்டினார். அவுஸ்திரேலியத் துடுப்பாட்ட மேதை டொன் பிரட்மனுக்கும் அத்தனை இன்னிங்ஸ்களே தேவைப்பட்டன. இரண்டு மாதங்களுக்குப் பின்னர் டர்பனில், பெரேரா அந்த 153 ஓட்டங்களைப் பெற்ற அதே கிங்ஸ்மீட்டில், தென்னாபிரிக்காவின் மார்கோ யான்சனின் உயரமும் எழும் பந்தும் 13.5 ஓவர்களில் இலங்கையை 42 ஓட்டங்களுக்கு ஒழித்தன. வேகமாக எழும் பந்தை இடக்கைப் பந்துவீச்சாளர் ஒருவர் தொடர்ந்து வீசினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை. 2025 தொடக்கத்தில் காலியிலேயே அவுஸ்திரேலியா 6 விக்கெட்டுகளுக்கு 654 ஓட்டங்களைப் பெற்று, இன்னிங்ஸ் மற்றும் 242 ஓட்டங்களால் வென்றபோது, காலி நம்முடைய கோட்டை என்ற நம்பிக்கையும் அளவோடு வைக்கப்பட வேண்டியது என்பது தெரிந்தது. அந்த டெஸ்ட் தொடரை 0-2 என்று இழந்த சில நாள்களில்தான் அதே அவுஸ்திரேலியாவை ஒருநாள் தொடரில் வென்றோம்.

எனவே ஒரு வடிவத்தை மட்டும் பின்தொடர நேரமுள்ளவருக்கு நான் சொல்வது, டெஸ்ட் போட்டிகளை, அதிலும் வெளிநாட்டு டெஸ்ட்களை, பாருங்கள் என்பதே. இரண்டாவதாக நேரம் கிடைத்தால் ஒருநாள் உலகக் கிண்ணத்தையும் அதற்கான தகுதிகாண் நிலைகளையும் கவனியுங்கள். இருபதுக்கு-20 ஆட்டங்களை அன்றைய மாலைக்காகப் பாருங்கள். மறுநாள் அணியைப் பற்றித் தீர்ப்பு எழுத வேண்டாம்.

இந்தத் தெரிவில் உள்ள பெரிய இடர்ப்பாடு, பார்ப்பதற்கு டெஸ்ட்கள் போதுமான அளவில் இல்லை என்பதுதான். 1982 பெப்ரவரியில், பிரித்தானியர் காலத்துச் சிவில் அதிகாரியும் இலங்கைக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபையின் முதல் தலைவருமான பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயரைத் தாங்கிய கொழும்பு மைதானத்தில் முதல் டெஸ்டை ஆடி, மூன்றரை ஆண்டுகளில் அதே மைதானத்தில் இந்தியாவை 149 ஓட்டங்களால் வென்று முதல் வெற்றியைப் பெற்ற நாடு, 2025இல் ஆடியது நான்கே டெஸ்ட்கள்: அவுஸ்திரேலியாவுடன் இரண்டு, பங்களாதேஷுடன் இரண்டு. நான்கும் உள்நாட்டில். ஜூன் மாதத்தில் காலியில் தம்முடைய 119ஆவது டெஸ்டோடு ஏஞ்சலோ மெத்யூஸ் விடைபெற்றார். மைதானத்துக்கு மேலே, பழைய ஒல்லாந்தர் கோட்டையின் மதிலில், கட்டணமின்றி நின்று பார்ப்பவர்களுக்கு அந்த ஆண்டில் எஞ்சிய ஆறு மாதங்களிலும் பார்ப்பதற்கு ஒரு டெஸ்டும் இருக்கவில்லை.