மழைத்தண்ணி இறங்குன டிராக்டருக்கு இந்த பட்டறைய நம்பி கூப்பிடலாம்

வாடிப்பட்டில இருந்து சோழவந்தான் போற ரோட்டுல இருக்குற இந்த டிராக்டர் பட்டறைய பத்தி யாருமே எழுதல, அதான் கொஞ்சம் விரிவாவே எழுதுறேன். ஐப்பசி கார்த்திகைல மழை புடிச்சா நம்ம பக்கம் நெறைய பேருக்கு சைலன்சர் வழியா இன்ஜின் உள்ள தண்ணி இறங்குற பிரச்சன வருது, அந்த நேரத்துல சரியான ஆளு கிடைக்காம நல்ல இன்ஜினையே காலி பண்ணிக்கிறாய்ங்க.

எங்க மச்சான் வண்டி மூணு சிலிண்டர், சைலன்சர் மேல பாத்து நிக்கிற டைப்பு. நடவுக்கு சேத்துல உழுகுற தொழி உழவு முடிச்சு களத்துல நிப்பாட்டி சைலன்சர் வாயில வழக்கம்போல டப்பா கவுத்து வச்சிருந்தாரு, ராத்திரி அடிச்ச காத்துல டப்பா எங்கிட்டோ பறந்துருச்சு, விடிய விடிய மழை. காலைல அடுத்த வயலுக்கு போகணும், நாத்து பறிச்சு வச்சாச்சு, நடவு ஆளுங்க வந்து நிக்கிறாங்க. அந்த அவசரத்துல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒருத்தர் சும்மா செல்ஃப் அடிங்க தண்ணி புகையோட சேந்து வெளிய போயிரும்ங்கிறாரு, இன்னொருத்தர் வேற டிராக்டர்ல கட்டி இழுத்து கியர்ல போட்டு விட்டா பிடிச்சிரும்ங்கிறாரு. மச்சான் இந்த பட்டறை அண்ணனுக்கு போன் போட்டாரு, அவரு எடுத்த எடுப்புல சொன்னது "சாவியவே தொடாதீக, பேட்டரி வயர கழட்டி வைங்க, நான் வாரேன்".

இந்த ஒரு வார்த்தைக்கே அவருக்கு காசு குடுக்கலாம்னு நான் சொல்லுவேன். காத்த அமுக்கலாம், தண்ணிய அமுக்க முடியாது. டீசல் இன்ஜின் உள்ள இழுத்த காத்த 16, 17ல ஒரு பங்கா அமுக்குது, ஒரு சிலிண்டர் 800 சிசினு வச்சா பிஸ்டன் மேல வந்ததும் மிஞ்சுற இடம் 50 மில்லி கிட்டதான் இருக்கும். அதுக்கு மேல தண்ணி நின்னா பிஸ்டனுக்கு போக இடம் இல்ல, பிஸ்டன தாங்குற கனெக்டிங் ராடு வளைஞ்சிரும். செல்ஃப் மோட்டாராச்சும் முக்கிட்டு நின்னுரலாம், கட்டி இழுக்குற டிராக்டர் நிக்காது, இழுத்துக்கிட்டே போகும், அதனால கயிறு கட்டுறதுதான் ரொம்ப மோசம்னு அவரு வந்ததும் கண்டிச்சு சொன்னாரு. வளைஞ்ச ராடோட வண்டி ஸ்டார்ட் ஆகி ஓடவும் செய்யுமாம், கரும்புகை தள்ளி இழுவை கொறஞ்சு ஒருநாள் உழவு நடுவுல ராடு ஒடிஞ்சு பிளாக்கையே ஒடச்சிட்டு வெளிய வருமாம். கேக்கவே பயமா இருந்துச்சு.

வந்த உடனே ஆயில் அளவு பாக்குற குச்சிய, அதான் டிப் ஸ்டிக்க, உருவி பாத்தாரு. ஆயில் நல்லா கருப்பாத்தான் இருந்துச்சு, நாங்க அப்பாடானு இருந்தோம், அவரு ஒத்துக்கல. தண்ணி கலந்து இன்ஜின் ஓடுனாதான் ஆயில் பால் டீ கலருக்கு மாறும், ஓடாத வண்டில தண்ணி பிஸ்டன் ரிங்கு வழியா கசிஞ்சு, ஆயில் நிக்கிற சேம்பர் அடில தனியா போய் நிக்கும், குச்சில ஒட்டுறது மேல மிதக்குற ஆயில்தான், நீங்க பாக்க வேண்டியது கலர இல்ல, லெவல் மார்க்குக்கு மேல ஏறிருக்கானு பாருங்கன்னாரு. பாத்தா ஏறித்தான் இருந்துச்சு. சேம்பர் போல்ட்ட முழுசா கழட்டாம மெதுவா தளத்தி விட்டாரு, மொதல்ல தெளிஞ்ச தண்ணி சொட்டுச்சு, அதுக்கு அப்புறம்தான் ஆயில் வந்துச்சு. எத்தனையோ வருசமா டிராக்டர் வச்சிருக்குற எங்க வீட்டு ஆளுங்களுக்கே இது தெரியாது, ஊர்ல டிராக்டர் வச்சிருக்குற எல்லாருக்கும் இத சொல்லணும்.

அப்புறம் சைலன்சர கழட்டி கவுத்தாரு, துருவும் தண்ணியுமா கொட்டுச்சு. டீசல் பீச்சுற மூணு நாசிலையும் கழட்டிட்டு, டீசல நிறுத்துற ஸ்டாப்ப இழுத்து வச்சிட்டு, செல்ஃப் அடிக்காம முன்னாடி புல்லி நட்டுல ஸ்பானர் போட்டு கையாலயே இன்ஜின சுத்துனாரு. ஒரே ஒரு சிலிண்டர்லதான் தண்ணி, எக்ஸாஸ்ட் வால்வு தொறந்து நின்னது அதுதான் போல. கையில ப்ரீயா சுத்துதுனு உறுதியான பிறகுதான் பேட்டரி வயர மாட்டி எல்லாரையும் தள்ளி நிக்க சொல்லிட்டு செல்ஃப லேசா லேசா தட்டி விட்டாரு, நாசில் ஓட்டைல மிச்ச தண்ணி பீச்சி அடிச்சுச்சு. ஒவ்வொரு சிலிண்டர்லயும் கொஞ்சம் ஆயில் விட்டு திரும்ப சுத்தி, புது காப்பர் வாசர் போட்டு நாசில மாட்டுனாரு. டேங்க் மூடி வழியாவும் தண்ணி போயிருக்கும்னு டீசல் ஃபில்டர் அடிய தொறந்து விட்டா அங்கயும் கொஞ்சம் தண்ணி. ஏர் கிளீனர் கப்பையும் கழட்டி பாத்தாரு, அது சுத்தமா இருந்துச்சு. அப்புறம் டீசல் லைன்ல நின்ன ஏர் எடுத்து, சாதா ஆயில் ஊத்தி, மெதுவா சில நிமிசம் ஓட விட்டு நிப்பாட்டி அத வடிச்சிட்டாரு, அதுக்கப்புறம்தான் புது ஃபில்டரும் நல்ல ஆயிலும். மொத தடவ வடிச்சது மங்கலா வந்துச்சு, ரெண்டாவது ஆயில் குச்சில சுத்தமா நின்னுச்சு. ஆரம்பத்துல வெள்ளப்புகை வந்தது சைலன்சர் ஈரம்தான், சூடானதும் நின்னுருச்சு. வடிச்ச ஆயில வரப்புல ஊத்தாம கேன்ல புடிச்சு அவரே எடுத்துட்டு போனாரு, இது எனக்கு ரொம்ப புடிச்சிருந்துச்சு.

2024 அக்டோபர் 25 மதுரைல கொட்டுன மழைல செல்லூர் பக்கம் தெருவுல எல்லாம் தண்ணி நின்னப்ப, முங்குன பைக்க உடனே ஸ்டார்ட் பண்ணாதீங்கனு எல்லாரும் ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கிட்டோம். டிராக்டருக்கு மட்டும் யாரும் அத சொல்றதில்ல, சேத்துல ஓடுற வண்டிதானேனு ஒரு நெனப்பு. டயரு சேத்துல ஓடலாம், இன்ஜின் உள்ள தண்ணி போகலாமா?

கொறையும் சொல்லிறேன். சீசன்ல போன் சீக்கிரம் எடுக்க மாட்டாரு, காலைல வெள்ளன கூப்பிட்டாதான் ஆளு கிடைப்பாரு. ஆயில், ஃபில்டர், வாசர் எல்லாம் நாமதான் போய் வாங்கி குடுக்கணும், அவரு ஸ்டாக் வைக்கிறதில்ல. லேபர் காச வேல முடிஞ்சுதான் சொல்றாரு, பில்லும் கிடையாது, துண்டு சீட்டுல எழுதி தராரு. எங்களுக்கு கேட்ட லேபர் நியாயமாத்தான் இருந்துச்சு, ஆனா புதுசா போறவங்க மொதல்லயே பேசிக்கிறது நல்லது. பட்டறைல மேக்கூரையும் போதாது, மழை நேரத்துல வண்டிய அங்க விடுறத விட அவர நம்ம எடத்துக்கு வர சொல்றதே மேல், ஆனா அவரு வர்றதுக்கு வண்டி வாடக தனியா கேக்குறாரு. கூட வர்ற பசங்களும் பொறுமையா, கேட்டா விளக்கி சொல்றாய்ங்க.

வேலைக்கு அஞ்சுக்கு அஞ்சு, மத்ததுக்கு மூணு. போன் போடும்போது என்ன வண்டி, எத்தன சிலிண்டர், தண்ணி சைலன்சர் வழியா போச்சா இல்ல வண்டியே முங்குச்சா, அதுக்கப்புறம் யாராவது செல்ஃப் அடிச்சாங்களா, இத மறைக்காம சொல்லிருங்க. முங்குன வண்டின்னா கியர் பொட்டி, ஹைட்ராலிக் ஆயிலையும் பாக்கணும்ங்கிறாரு, அதுக்கு தகுந்த சாமானோட வருவாரு.